இதழாசிரியர் தூதரான வரலாறு: ஆர்க்காடு இராமசாமி முதலியார்

முன்னுரை

காவேரிப்பட்டினம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழ் கற்றார் நெஞ்சம் சோழநாட்டுப் பூம்புகாருக்குச் செல்லும். நாம் ஈண்டுக் குறிக்கும் ஊர் அதுவன்று. கிருட்டிணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த பாராமகால் நாட்டு ஊர் இது. அது கடல் வாணிகத்தால் பெயர் பெற்றது. இது எல்லைப் போர்களால் பெயர் பெற்றது. 1767 ஆம் ஆண்டில், முதல் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயர் வசமிருந்த இவ்வூர்க் கோட்டையை ஐதரலி முற்றுகையிட்டுக் கைக்கொண்டார். ஆயினும், பாராமகால் நாடு யாருக்கு உரியது என்பதை முடிவு செய்தது முற்றுகையன்று. 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையே இந்நாட்டைத் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார்க்கு மாற்றிற்று. வாள் தொடங்கிய வழக்கை எழுத்து முடித்தது என்பது இந்நிலத்தின் வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

அதற்கும் முற்பட்ட பாடம் ஒன்றும் உண்டு. இந்நாட்டை அடுத்த தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றமை புறநானூற்றால் (95) அறியப்படும். பகைவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்ட புலவர், அதனைப் புகழ்வார் போன்று, தம் அரசனுடைய படைக்கலங்கள் போரிற் பயின்று சிதைந்து கொல்லன் பட்டடையிற் கிடத்தலைக் கூறினார். வசைச்சொல் ஒன்றுமின்றியே எச்சரிக்கை முழுதும் உணர்த்தப்பட்டது. சொல்லையே தொழிலாகக் கொண்டவர் தூதராதல் தகடூர் நாட்டிற்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

நம் காலத்திற் புலவர்க்குரிய அவ்விடத்தை ஓரளவு ஏற்றவர் இதழாசிரியர். நாடோறும் சொல்லால் மக்கள் கருத்தை ஆக்கியும் அழித்தும் வந்த ஒருவர், நாடுகளின் அவையில் அமர்ந்து சொல்லால் உடன்பாடு காணும் தூதராக மாறும்போது, அவருடைய பழைய பயிற்சியில் எது துணை செய்தது? எது தடையாயிற்று? இவ்வினாக்களை ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் இவ்வெல்லைக்கு அப்பாலுள்ள மைசூரின் திவானாகவும் இருந்தவர். ஆதலின் இந்நிலத்தார் அவரை அறிவது பொருத்தமே.

தூதர் இருவகையர்

திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பகுப்பார். தானே ஆராய்ந்து வகுத்து உரைப்போன் ஒருவன். தன்னை விடுத்தோன் சொல்லியதைச் சென்று சொல்வோன் மற்றொருவன். முன்னவனுக்கு அமைச்சனுக்குரிய ஆற்றல் முழுதும் வேண்டும். பின்னவனுக்கு அதனிற் சிறிது குறையினும் அமையும்.

இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்கு நல்ல அளவுகோலாகின்றது. தலையங்கம் எழுதும் இதழாசிரியர் இயல்பாகவே முதல்வகையினர். அவருக்குக் கட்சி உண்டு, கொள்கை உண்டு, ஆயினும் இன்று எதை எழுதுவது, எவ்வாறு எழுதுவது என்பன அவர் முடிவே. தூதரோ பெரும்பாலும் இரண்டாம் வகையில் நிற்க வேண்டியவர். அதிலும், தன்னாட்சி பெறாத நாட்டின் தூதர், தம் மக்கள் விடுத்த தூதராகவும் ஆகார். மக்களை ஆளும் அயலரசு விடுத்த தூதராகவே கருதப்படுவர். இராமசாமி முதலியாரின் பெருமையும் அவர்மீது கூறப்பட்ட குறையும் இவ்விரு நிலைகளுக்கு இடையே தோன்றியவை என்பது நம் கருத்து.

பிறப்பும் அரசியற் புகுமுகமும்

இராமசாமி முதலியார் 1887 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14 ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். அவருடன் இரட்டையராகப் பிறந்தவர், பின்னாளிற் சிறந்த மருத்துவராகவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கிய ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார் ஆவர். வீட்டில் தமிழ், ஊரில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் இருவரும் வளர்ந்தனர். பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியில் வாழ்வார்க்கு இச்சூழலை விளக்க வேண்டுவதில்லை. அயலான் மொழியைக் கேட்டுப் பழகிய செவி, அயலான் கருத்தையும் கேட்கப் பழகும் வாய்ப்புடையது.

இராமசாமி முதலியார் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1917 அளவில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்திற் சேர்ந்தார். 1919 ஆம் ஆண்டில், இந்திய அரசியற் சீர்திருத்தம் பற்றி இலண்டனில் விசாரணை நடந்தபோது, பிராமணரல்லாதார்க்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டிச் சான்று கூறச் சென்ற குழுவினருள் அவரும் ஒருவர். தூதுப்பணியின் முதற்சுவையை அவர் அறிந்தது அப்பொழுதே எனலாம். அத்தூது ஓர் அரசின் தூதன்று. ஒரு கட்சியின் தூது. 1920 முதல் 1926 வரை சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1926 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியும் தோற்றது, அவரும் தோற்றார். தோல்வி அவரை இதழ் அலுவலகத்திற்குக் கொண்டு சென்றது.

'ஜஸ்டிஸ்' நாளிதழ்

1916 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னையில் கூடிய தலைவர்கள், தம் கருத்தை நாட்டிற்கு எடுத்துரைக்க நாளிதழ்கள் வேண்டுமெனத் துணிந்தனர். அதன்பொருட்டுத் தென்னிந்திய மக்கள் சங்கம் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகை' என மூன்று இதழ்கள் அவ்வியக்கத்தின் குரலாயின. 'ஜஸ்டிஸ்' 1917 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26 ஆம் நாள் வெளிவரத் தொடங்கிற்று, டாக்டர் டி. எம். நாயர் அதற்கு வழிகாட்டியாக விளங்கினார்.

ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கட்சி இதழுக்குப் பெயர் தருதல் உலக வழக்கு. இங்கோ இதழ் கட்சிக்குப் பெயர் தந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்னும் முறையான பெயர் மறைந்து, 'ஜஸ்டிஸ் கட்சி' எனவும் 'நீதிக்கட்சி' எனவும் மக்கள் வழங்கினர். ஓர் இயக்கம் தன் நாளிதழோடு எவ்வளவு ஒன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1927 ஆம் ஆண்டில் இராமசாமி முதலியார் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டில் அவர் எழுதிய தலையங்கங்களின் தொகுதி 'மிரர் ஆப் தி இயர்' என்னும் பெயருடன் நூலாயிற்று. அறுபது ஆண்டு கழித்து, 1987 இல், திராவிடர் கழகம் அதனை மீண்டும் வெளியிட்டது. அன்றாட நிகழ்ச்சியைப் பற்றி எழுதும் தலையங்கம் மறுநாளே பழையதாகிவிடும் இயல்புடையது. அஃது அறுபது ஆண்டு கழித்தும் அச்சேறியது எனின், அதனுள் அன்றாடத்திற்கு மேற்பட்ட பொருள் இருந்தது என்று கொள்ளலாம்.

நாளிதழ்த் தலையங்கம் எழுதுதல் ஒருவர்க்கு அளிக்கும் பயிற்சி யாது? முதலாவது, காலவரம்பு. அச்சு எந்திரம் ஆசிரியருக்காகக் காத்திராது. குறித்த நேரத்திற்குள் ஒரு முடிவுக்கு வந்து அதனைத் தெளிவாக எழுதியாதல் வேண்டும். இரண்டாவது, எதிர்ப்பக்கத்தை அறிதல். மாற்றாரின் இதழ் முந்தின நாள் எழுதியதை வரி வரியாகக் கற்றவனே இன்று அதற்கு விடை எழுத இயலும். மூன்றாவது, செய்தியின்மீது கருத்தை நிறுத்துதல். வரவுசெலவுத் திட்டம், சட்ட விதி, தேர்தல் எண்ணிக்கை ஆகியவற்றைப் பிழையின்றி எடுத்தாளாவிடின் மாற்றார் அப்பிழையையே பற்றிக்கொள்வர். இம்மூன்றும் தூதர்க்கும் இன்றியமையாதன.

ஆயினும் தலையங்கம் கற்பிக்காத பாடமும் ஒன்றுண்டு. எதிரி அங்கே நேரில் இல்லை. அவனை வென்றால் போதும். அவனோடு உடன்பாடு காண வேண்டுவதில்லை. தூதரவையிலோ வெல்லப்பட்டவனும் மறுநாள் அதே மேசையில் வந்தமர்வான். அவன் கையொப்பம் வேண்டும். இப்பாடத்தை இராமசாமி முதலியார் வேறிடங்களிற் கற்றார். 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராண்மைக் கழகத் தலைவராக இருந்தமை அவற்றுள் ஒன்று. பல கட்சி உறுப்பினர் கூடிய மன்றத்தில் தலைவர் இருக்கையில் அமர்வோன், தன் தலையங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வருதல் வேண்டும். காலையில் கட்சியின் இதழாசிரியராகவும் மாலையில் நகரத்தின் தலைவராகவும் வாழ்ந்த அவ்விரண்டாண்டுகளே அவருடைய பிற்கால வாழ்விற்கு முன்னோட்டம் எனக் கருதுகின்றோம்.

இதழிலிருந்து அரசுப் பணிக்கு

1930 ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய வட்டமேசை மாநாட்டிற்கு நீதிக்கட்சியின் சார்பில் அவர் சென்றார். 1934 ஆம் ஆண்டு மத்திய சட்டமன்றத் தேர்தலிற் காங்கிரசைச் சேர்ந்த எஸ். சத்தியமூர்த்தியிடம் தோல்வியுற்றார். 1926 ஆம் ஆண்டுத் தோல்வி அவரை இதழுக்குக் கொணர்ந்தது போல, இத்தோல்வி அவரை இதழினின்று விடுவித்தது. காப்புவரிக் குழுவில் உறுப்பினராக அமர்த்தப்பட்டமையால், 1935 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ஜஸ்டிஸ்' ஆசிரியப் பொறுப்பைத் துறந்தார்.

காப்புவரிக் குழுவின் பணி தலையங்கப் பணிக்கு நேர்மாறானது. ஒரு தொழிலுக்கு அயல்நாட்டுப் போட்டியினின்று காப்பு வேண்டுமா என்பதை ஆய்வதற்கு, ஆலை உடைமையாளர், இறக்குமதி வணிகர், பொருளை வாங்குவோர் ஆகிய முத்திறத்தாரும் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டு, கணக்குகளைச் சரிபார்த்து, அதன் பின்னரே கருத்துரைத்தல் வேண்டும். முன்னரே முடிவு செய்துகொண்டு எழுதுவோர்க்கு அங்கே இடமில்லை. இதன் பின்னர் இலண்டனில் இந்திய அமைச்சருடைய ஆலோசனை அவையிற் பணியாற்றினார். 1937 இல் 'சர்' பட்டம் பெற்றார். 1939 முதல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் வணிகப் பொறுப்பையும், 1943 முதல் போர்க்கால வழங்கற் பொறுப்பையும் ஏற்றார்.

இக்காலத்துச் செயல்களுள் ஒன்று நிலைத்த பயனுடையது. 1940 ஆம் ஆண்டில் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டபோது அதன் தலைவர் இராமசாமி முதலியார். இயக்குநர் சாந்தி சுவரூப் பட்நாகர். அக்குழுவின் வளர்ச்சியே 1942 இல் தோன்றிய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம்.

அதே காலத்தில் அவர்மீது கடுங்குறையும் எழுந்தது. 1942 ஆம் ஆண்டு ஆகத்தில் காந்தியடிகளும் காங்கிரசுத் தலைவர்களும் சிறைப்பட்டனர். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் முதலியார் இங்கிலாந்தின் போர்க்கால அமைச்சரவையில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1943 பிப்ரவரியிற் சிறைக்குள் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, நிர்வாகக் குழுவினின்று ஓமி மோடி, நளினி ரஞ்சன் சர்க்கார், எம். எஸ். ஆனே ஆகிய மூவரும் விலகினர். முதலியார் விலகவில்லை. விடுதலை இயக்கத்தார் பலர் இதனை மறக்கவில்லை. பாசிச வல்லரசுகளை வீழ்த்துதலே முதற்கடன் என்னும் எண்ணமும், காங்கிரசின் ஆட்சியில் தம் மக்கட்பகுதிக்கு நீதி கிடைக்குமோ என்னும் ஐயமும் அவர்தம் கட்சியாரிடையே வேரூன்றியிருந்தன. காரணம் கூறுதல் வேறு. குறையை இல்லை என்றல் வேறு. பிறர் சொல்லியதைச் சொல்லும் தூதராக அவர் நின்ற காலம் இதுவே என்பதை நடுநிலையாளர் ஒப்புவர்.

சான்பிரான்சிஸ்கோ மாநாடு

1945 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 முதல் சூன் 26 வரை ஐம்பது நாடுகளின் பேராளர் சான்பிரான்சிஸ்கோ நகரிற் கூடி ஐக்கிய நாடுகளின் சாசனத்தை வகுத்தனர். இந்தியக் குழுவிற்குத் தலைவர் இராமசாமி முதலியார். பிரோசுகான் நூனும், வி. டி. கிருட்டிணமாச்சாரியும் உடன் சென்றனர். இந்தியா அப்போது விடுதலை பெறவில்லை. அந்நகருக்கு வந்திருந்த விசயலட்சுமி பண்டிதர், அக்குழு இந்திய மக்களின் குழுவன்று என வெளிமேடைகளில் முழங்கினார். அவர் கூறியது உண்மையே: மக்கள் தேர்ந்தனுப்பிய குழுவன்று அது. அவைக்குள் அமர்ந்தவர்க்கு மக்களின் ஆணை இல்லை. மக்களின் குரலாய் நின்றவர்க்கு அவையில் இடமில்லை. அடிமை நாட்டின் தூதுக்கு நேர்ந்த முரண்பாடு இது.

இம்முரண்பாட்டிற்குள் முதலியார் செய்தது யாது? மாநாட்டின் பணி பல குழுக்களாகப் பகுக்கப்பட்டது. நாடுகளிடையே பொருளாதார, சமுதாயக் கூட்டுறவு பற்றிய குழுவிற்கு அவர் தலைவரானார். வல்லரசுகளின் நாட்டம் பாதுகாப்பு அவைமீதும் அதன் மறுப்புரிமைமீதுமே இருந்தது. ஆதலின் இக்குழுவைச் சிறிய நாடுகள் தம் களமாகக் கொண்டன. முன்னர் டம்பார்ட்டன் ஓக்சில் வல்லரசுகள் வகுத்த வரைவில், பொருளாதார சமுதாய அவை ஐக்கிய நாடுகளின் முதன்மை உறுப்புக்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் அது முதன்மை உறுப்பாக உயர்ந்தது. வாழ்க்கைத்தர உயர்வு, அனைவர்க்கும் வேலை, இனம், பால், மொழி, சமயம் ஆகிய வேற்றுமையின்றி மனித உரிமையைப் போற்றுதல் என்பன சாசனத்தின் 55 ஆம் விதியில் இடம்பெற்றன. உடல்நலம் என்னும் சொல் சாசனத்தில் இடம்பெறச் செய்தவர் பிரேசில், சீன நாடுகளின் பேராளர். அரசு சாராத அமைப்புக்களின் கருத்தைக் கேட்டறிய வழிசெய்யும் 71 ஆம் விதியும் இப்பகுதியைச் சேர்ந்ததே.

இவற்றையெல்லாம் முதலியார் தனியொருவராய்ச் செய்தார் என்பது நம் கூற்றன்று. குழுத்தலைவரின் பணி புதுக்கருத்தைப் படைப்பதன்று. பலர் கருத்தை ஒரு வாக்கியத்துள் அடக்குவதாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நாடு காவல் நிற்கும். ஒரு சொல்லை மாற்றின் மற்றொரு நாடு எழும். காலவரம்பு நெருங்கும். இந்நிலையில், எவ்விடத்தே நிறுத்தி எவ்விடத்தே வாக்கெடுப்பது என்பதை அறிதல் வேண்டும். அச்சு எந்திரத்தின் முன் எட்டாண்டுகள் பழகிய ஒருவர்க்கு இது புதிய கலையன்று. மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவருடைய மதிப்பும் ஒன்றே என்பதை அவர் அம்மாநாட்டில் வலியுறுத்தினார். அக்கருத்துக்கு வித்து, சென்னையில் சாதி வேற்றுமையை எதிர்த்து அவர் எழுதிய நாட்களில் இடப்பட்டது. ஆட்சியாளர் கொடுத்தனுப்பிய ஓலையிலிருந்து வாராத சொல் அது. அங்கே அவர் தாமே வகுத்துரைத்த தூதராயினார்.

பொருளாதார சமுதாய அவையின் முதல் தலைவர்

1946 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23 ஆம் நாள், இலண்டனிற் பொருளாதார சமுதாய அவை முதன்முறையாகக் கூடியது. பதினெட்டு நாடுகள் உறுப்பினராயிருந்த அவ்வவை இராமசாமி முதலியாரைத் தன் முதல் தலைவராகத் தேர்ந்தது. முன்னோர் வகுத்த நெறி ஏதும் இல்லாத ஓர் அவையில் முதல் தலைவராதல் எளிதன்று. பேச்சு முறை, வாக்கு முறை, துணைக்குழு அமைப்பு ஆகிய எல்லாவற்றிற்கும் அன்று எடுக்கும் முடிவே பின்னர் மரபாகும்.

அம்முதற் கூட்டத்திலேயே மனித உரிமைக் குழு அமைக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பேரறிவிப்பின் வரைவு அக்குழுவின் பணியாக விளைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தை அமைப்பதற்கான மாநாட்டைக் கூட்டும் முடிவும் அக்கூட்டத்திலேயே எடுக்கப்பட்டது. அம்மாநாட்டில் 1946 சூலையில் அந்நிறுவனத்தின் சட்டம் கையொப்பமாயிற்று. பதினைந்தாண்டு கழித்து, 1961 ஆம் ஆண்டில் புதுதில்லியில் அந்நிறுவனத்தின் பேரவை கூடியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் இலட்சுமணசாமி முதலியார். தமையனார் தலைமையிலிருந்த அவை தொடங்கி வைத்த நிறுவனத்தின் பேரவைக்குத் தம்பியார் தலைவரானார் என்பது வரலாற்றில் அரிதாக நிகழும் ஒற்றுமையாகும்.

மைசூர்த் திவான்

1946 ஆம் ஆண்டிலேயே முதலியார் மைசூர் அரசின் திவானானார். இப்பகுதியை நாம் விரித்துரைத்தல் வேண்டும். தூதரின் ஆற்றலுக்கு எல்லை எது என்பதை இது காட்டுகின்றது.

1947 ஆகத்தில் இந்தியா விடுதலை பெற்றது. மைசூர் இந்தியாவோடு இணைந்தது. ஆயின் மைசூருக்குள் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வரவில்லை. மன்னர் சயசாமராச உடையார். ஆட்சி திவான் கையில். செப்டம்பர்த் திங்களில் 'மைசூர் சலோ' என்னும் அறப்போர் எழுந்தது. ஊர்தோறும் ஊர்வலங்களும் சிறைநிறைப்புக்களும் நிகழ்ந்தன. திவானின் ஊர்ப்பெயரோடு எதுகை அமைய, 'ஆர்க்காட் பாய்காட்' எனத் தெருக்களில் முழங்கினர். ஆர்க்காட்டாரைப் புறக்கணிப்போம் என்பது அதன் பொருள். பதினெட்டு நாடுகள் ஒருமனதாய் மதித்த பெயர், பெங்களூர்த் தெருவில் எதிர்ப்பு முழக்கமாயிற்று. ஏறத்தாழ ஆறு வாரப் போராட்டத்திற்குப் பின், அக்டோபர்த் திங்களில் உடன்பாடு ஏற்பட்டு, கே. சி. ரெட்டியின் தலைமையில் மக்கள் ஆட்சி அமைந்தது.

உலக அவையில் மனித உரிமையைப் பற்றிப் பேசியவர், தம் ஆட்சிக்குட்பட்ட மக்கள் உரிமை கேட்டபோது உடனே இணங்காதது ஏன்? இதற்கு அவருடைய பயிற்சியிலேயே விடை காணலாம் என்பது நம் கருத்து. மேசையின் முன் அமர்ந்து பேசும் எதிரியை அவர் நன்கறிவார். தெருவில் நின்று முழங்கும் எதிரியை அவ்வாறு அறியார். நாடுகளின் அவையில் ஒவ்வொருவர்க்கும் ஓர் இருக்கையும் பெயர்ப்பலகையும் உண்டு. பெயர்ப்பலகை இல்லாத கூட்டத்தின் குரலைக் கேட்பதற்கு வேறொரு செவி வேண்டும். இதழாசிரியர்க்கு அச்செவி இருத்தல் வேண்டும்; பன்னிரண்டாண்டு அரசுப் பணி அதனை மழுங்கச் செய்திருக்கலாம். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். உடன்பாட்டின் பின்னும் 1949 வரை அவர் திவானாக நீடித்து, தம்மை எதிர்த்து எழுந்தவர்களின் அமைச்சரவையோடு இணைந்து பணியாற்றினார். தோல்விக்குப் பின் மாற்றாரோடு ஒரே மேசையில் அமரும் கலையை அவர் மறக்கவில்லை.

ஐதராபாது வழக்கும் கட்டாய உழைப்புக் குழுவும்

1948 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐதராபாது நிசாமின் முறையீடு பாதுகாப்பு அவையின் முன் வந்தது. இந்தியப் படைகள் செப்டம்பர் 13 ஆம் நாள் அந்நாட்டினுட் புகுந்தன. 17 ஆம் நாள் ஐதராபாதுப் படைகள் பணிந்தன. இடைப்பட்ட 16 ஆம் நாள் பாரிசு நகரில் அவை கூடியபோது, இந்தியாவின் சார்பில் வழக்குரைத்தவர் மைசூர்த் திவானாகிய முதலியார். ஐதராபாது ஒருகாலத்தும் தனியரசாக விளங்கவில்லை. ஆதலின் இரு நாடுகளுக்கு இடைப்பட்ட வழக்காக இதனை அவை ஏற்றல் முறையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். சில நாட்களில் நிசாம் தம் முறையீட்டைத் திரும்பப் பெற்றார்.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கது அவர் வாதம் மட்டுமன்று. அவரை விடுத்தது யார் என்பதே. பழைய ஆட்சியின் பணியாளர் எனத் தம்மால் இகழப்பட்டவரையே, விடுதலை இந்தியாவின் அரசு தன் தூதராக விடுத்தது. மூன்றாண்டுக்கு முன் அவருக்கு இல்லாதிருந்த ஒன்று, தன்னுரிமை பெற்ற நாட்டின் ஆணை, இப்போது அவர் கையில் இருந்தது.

1951 முதல் 1953 வரை ஐக்கிய நாடுகளும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் கூடி அமைத்த கட்டாய உழைப்புப் பற்றிய தனிக்குழுவிற்கு அவர் தலைவராயிருந்தார். மாற்றுக் கருத்துடையாரைச் சிறைமுகாம்களில் அடைத்து வேலை வாங்கும் கொடுமையைப் பற்றிய குற்றச்சாட்டுக்களை அம்மூவர் குழு ஆராய்ந்தது. வல்லரசுகளிடையே பனிப்போர் கடுமையாயிருந்த காலம் அது. அதன் அறிக்கை, 1957 ஆம் ஆண்டில் நிறைவேறிய கட்டாய உழைப்பு ஒழிப்பு உடன்படிக்கைக்கு வழிகோலியது. 1955 இல் தொழிற்கடன் முதலீட்டுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் அவர் பணியாற்றினார். 1954 இல் பதும பூசணும் 1970 இல் பதும விபூசணும் பெற்றார். 1976 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் காலமானார்.

ஒத்த வாழ்வினர் சிலர்

இதழிலிருந்து தூதுப்பணிக்குச் சென்றவர் இவர் ஒருவரே அல்லர். வலங்கைமான் சீனிவாச சாத்திரியார் 1918 ஆம் ஆண்டில் 'இந்திய ஊழியர்' சங்கத்தின் ஆங்கில வார இதழைத் தொடங்கி நடத்தியவர். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராயினார். 'இந்து' நாளிதழில் துணையாசிரியராயிருந்த கோ. பார்த்தசாரதி பின்னர்ச் சீனாவிலும் பாக்கித்தானிலும் இந்தியத் தூதராகவும், 1965 முதல் ஐக்கிய நாடுகளில் இந்தியாவின் நிலையான பிரதிநிதியாகவும் விளங்கினார்.

காவேரிப்பட்டினத்தை அடுத்த ஓசூர்ப் பகுதியிலேயே ஒருவரைச் சுட்டலாம். தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த இராசாசி, திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்கிற்காக 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். 1962 ஆம் ஆண்டில், தம் 83 ஆம் அகவையில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு அமெரிக்கத் தலைவர் கென்னடியிடம் வேண்டிக்கொள்ள வாசிங்டன் சென்றார். அவரை விடுத்தது அரசன்று; காந்தி அமைதி நிறுவனம். அரசியலில் முதலியாரும் இராசாசியும் எதிரெதிர் அணியினர். ஆயினும், ஊர்ப்புறத்துக் குடியானவனுக்காக எழுதிய கையும் சென்னை நகரத்தில் உரிமைக்காக எழுதிய கையும் ஈற்றில் உலக அவைகளுக்கே சென்றன என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. நாளிதழ்ப் பணி முதலியார்க்குத் தெளிவையும் விரைவையும் எதிர்ப்பக்க அறிவையும் அளித்தது. நகர மன்றமும் காப்புவரிக் குழுவும் அவருக்குப் பொறுமையை அளித்தன. இவை கூடியபோது அவர் நல்ல தூதரானார். தம்மை விடுத்தோரின் ஆணைக்கும் தம் நெஞ்சின் கொள்கைக்கும் இடையே அவர் நின்ற காலங்களில் அவர் வாழ்வு குறையுடையதாயிற்று. அவ்விரண்டும் ஒன்றிய காலங்களில் நிறைவுற்றது.

திராவிட இயக்கத்தார் அவரை 'ஜஸ்டிஸ்' ஆசிரியராக நினைவு கூர்வர். விடுதலை இயக்கத்தார் அயலாட்சியின் நிர்வாகக் குழுவினராக நினைவு கூர்வர். கன்னட நாட்டார் அறப்போரில் எதிர்க்கப்பட்ட திவானாக அறிவர். உலக நிறுவனங்களின் வரலாறு முதல் தலைவராகப் பொறித்துள்ளது. நான்கும் உண்மை, ஒன்றேனும் முழு உண்மையன்று. ஒரு மனிதனை நான்காகப் பகிர்ந்து, அவரவர்க்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது எல்லையில் நின்று போரிட்டோர் செயலேயன்றி ஆராய்வார் செயலன்று.

'ஜஸ்டிஸ்' தலையங்கங்களையும் உலக அவைகளில் அவர் ஆற்றிய உரைகளையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லாட்சி, வாதமுறை, மாற்றாரைக் குறிக்கும் முறை ஆகியவற்றை ஒப்பிடுதல் நல்லதோர் ஆராய்ச்சியாகும். இதழியலும் தமிழியலும் கற்கும் மாணவர் அதனை மேற்கொள்ளலாம். படைக்கலக் கொட்டிலின் முன் நின்று ஔவையார் கூறிய சொல் இன்றும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதனைப் போற்றித் தொகுத்து வைத்தமையே. அண்மைக்காலத்துத் தூதர் சொற்களையும் அவ்வாறே தொகுத்துக் காத்தல் நம் கடனாகும்.